ஸ்பேஸ் பாரில் சந்தனம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், காக்களூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் கழித்துக்கட்டியது. நான் டைப்பிங் பழகி வேலைக்குப் போகவேண்டும் என்று அப்பா அதைக் கவரைப்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பத்திரிகையோடு இலவசமாகக் கிடைத்த சிடியில் ஒரு விண்வெளி விளையாட்டு இருந்தது. சின்னக் கப்பலை அம்புக்குறி பட்டன்களால் நகர்த்தி, ஸ்பேஸ் பாரைத் தட்டிச் சுடவேண்டும். முதல் பாகம் மட்டும் சும்மா. மிச்சம் வேண்டுமென்றால் வெளிநாட்டு விலாசத்துக்குப் பணம் அனுப்பவேண்டும். எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது.

நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் கிரேன் டிரைவர். அந்த வருஷம் சங்கிலியில் மாட்டி வலது கை விரல்கள் நசுங்கின. எலும்பு கூடிவிட்டது, விரல்தான் மடங்கவில்லை. லீவு முடிந்து வந்ததும் சோதித்துப் பார்ப்போம், விரல் வேலை செய்தால் கிரேன், இல்லையென்றால் கேட்டில் வாட்ச்மேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மேலே கேபினில் உட்கார்ந்து மொத்த ஷெட்டையும் குனிந்து பார்த்த மனுஷன், வருகிற காருக்கெல்லாம் சலாம் போடவேண்டும். அதை நினைத்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் ஒரு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்தார். "நான் இன்னா கொயந்தையா, பந்த அமுக்கிக்கினு குந்தியிருக்க?" என்று நைனா அதைப் பரண்மேல் எறிந்தார். சரி, இதையாவது அமுக்கட்டும் என்று நான்தான் கப்பலைக் காட்டினேன். வலது கைக்கு அம்புக்குறிகள், இடது கைக்கு ஸ்பேஸ் பார்.

முதலில் கப்பல் கிளம்பியதுமே வெடித்தது. போகப்போகத் தாக்குப்பிடித்தது. பாகத்தின் கடைசியில் ஒரு ராட்சசக் கப்பல் வரும். அதைப் பார்த்ததும் பதறி, இடது கையை இழுத்துவந்து அம்புக்குறிகளைப் பிடித்துக்கொள்வார். சுட ஆளில்லாமல் கப்பல் சாகும். "அழுகுணி ஆட்டம் நைனா இது" என்பேன். முறைப்பார்.

ஆயுத பூஜைக்கு அவரவர் மெஷினை அவரவரே துடைத்துப் பொட்டு வைப்பதுதான் கம்பெனியில் வழக்கம். அந்த வருஷம் நைனாவின் கிரேனுக்கு இன்னொரு டிரைவர் பொட்டு வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நைனா சந்தனத்தில் தண்ணீரைத் தாராளமாக விட்டுக் குழைத்து, கீபோர்டில் தான் தொடும் பட்டன் ஒவ்வொன்றுக்கும் வைத்தார். ஸ்பேஸ் பாருக்குத் தனி மரியாதை, மூன்று பொட்டும் குங்குமமும்.

மறுநாள் பார்த்தால் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, ஸ்பேஸ் பார் அமுங்கியது அமுங்கியபடி நின்றுவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டைப்பிங் பரீட்சைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கீபோர்டுக்குப் போயி எவனாச்சும் சந்தனம் ஊத்துவானா?"

"பேஜாரு பண்ணாத. இங்க பாரு, அதுவே சுடுது."

திரையில் கப்பல் தன்பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது. இடது கைக்கு வேலையில்லை. ராட்சசக் கப்பல் வந்ததும் அந்தக் கை மெல்ல எழுந்தது. நைனா அதைப் பார்த்தார். தொடைக்கடியில் தள்ளி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். வலது விரல்கள் மட்டும் நகர்ந்தன. வலியில் உதட்டைக் கடித்தார். நான் கோபத்தை மறந்து "லெப்டு, நைனா, லெப்டு" என்று கத்திக்கொண்டிருந்தேன். ராட்சசக் கப்பல் சிதறியது. அடுத்த நிமிஷமே, மிச்சத்துக்குப் பணம் அனுப்பச் சொல்லித் திரை கேட்டது.

"மிச்சத்த அவனே வெச்சிக்கட்டும்" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் சோதனைக்குப் போனவர் சாயங்கால ரயிலில் திரும்பினார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னா நைனா ஆச்சு?"

வலது கையை நீட்டினார். நகங்களுக்கடியில் காய்ந்த சந்தனம்.

"கிரேன் கைப்பிடியில அவன் வெச்ச பொட்ட சொரண்டிட்டு வந்தேன். நாளைக்கு நான் வெக்கணும். சந்தனம் கொழைச்சுக் குடு, கெட்டியா."