நாலு புள்ளி அவரை

ஜோசபினுக்குப் பயம் கூடப்பிறந்தது. கோலார் தங்கவயலில் அப்பா சுரங்கத்தில் இறங்கிய நாளெல்லாம், எப்போது ஆபத்துச் சங்கு ஊதுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே வளர்ந்தவள். சுரங்கத்தை மூடினார்கள், குடும்பம் பெங்களூர் ஒக்கலிபுரத்துக்கு வந்தது. பயமும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது.

பதினாறு வருஷம் ஒரு விதைக் கம்பெனியில் விதை பொறுக்கினாள். ஒரே நிறம், ஒரே அளவு இருந்தால்தான் அங்கே விலைபோகும். மாறுபட்ட விதை ஒன்று கிடந்தாலும் அவள் விரல் தானாகப் போய் எடுத்துவிடும். கம்பெனி மூடியதும், போன வருஷம் அவரை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ஊர் ஊராகச் சேகரித்த நானூறு வகை அவரை அங்கே இருந்தது. நாளைக்கு வரும் நோயை எது தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாமே வேண்டும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் அவளுக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை காலை மமதா மேடம் விதைத் தட்டோடு வந்தாள். நிலையத்தின் விஞ்ஞானி அவள். காண்ட்ராக்டைப் புதுப்பிக்கும் கையெழுத்தும் அவளுடையதுதான்.

"ஜோசபின், இருநூத்திப் பதினாலாம் வகையில எல்லாமே பழுப்பா இருக்கு. புள்ளி விதை எல்லி? எங்க போச்சு? நோய் வந்தப்போ அந்தச் செடிங்கதான் நின்னுச்சு. பழைய விதையும் மிச்சம் இல்ல, எல்லாத்தையும் வெதச்சாச்சு."

புள்ளி விதையைக் கலப்படம் என்று பொறுக்கியது ஜோசபின்தான். குப்பையில் போட மனசு வராமல், மற்ற கழித்த விதைகளோடு டப்பாவில் போட்டு, நேற்று சாயங்காலம்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள், சாம்பாருக்கு.

"கொத்தில்லா மேடம்" என்றாள். தெரியாதாம்! பொய் சொல்லத் தெரியாத வாய், கன்னடத்தில் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நினைத்ததோ என்னவோ.

மேடம் நகர்ந்ததும் வராந்தாவுக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை நம்பர் மாறிப்போனது.

"கேரல், அந்த அவரை?"

"ராத்திரியே ஊறப் போட்டேன்க்கா. இப்ப அடுப்புல—"

"அணைடி! அடுப்ப அணை!" ஊறிய விதைகூட முளைக்கும், வெந்தது முளைக்காது. அதற்குள் போனுக்குள்ளேயே குக்கர் விசில் அடித்தது. சின்ன வயசில் பயந்து காத்திருந்த சங்கு இப்போதுதான் ஊதியதுபோல ஜோசபின் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்க்கா, என்னாச்சு? அஞ்சாறு மட்டும் ஊறாம கல்லாட்டம் கெடந்துச்சு. அத உன்ன மாதிரியே பொறுக்கி ஜன்னல்ல வெச்சேன்."

"புள்ளி இருக்கா பாரு!"

கேரல் எண்ணி முடிப்பதற்குள் ஜோசபினின் உயிர் போய்ப் போய் வந்தது.

"நாலுல இருக்கு."

தெரியாது என்று சொன்ன வாயை இனிக் காட்டிக்கொடுக்காமல், அந்த நாலையும் நிலையத்துக்குக் கொண்டுவர வழியில்லை. உள்ளே போனாள். மேஜையில் அவளுடைய காண்ட்ராக்ட் காகிதங்கள் இருந்தன. மேடம் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"பொய் சொன்னேன் மேடம். நாலு வெத எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு. மிச்சத்த வேக வெச்சுட்டோம்."

மமதா கையெழுத்துப் போடாமலேயே பேனாவை மூடினாள்.