நீலம் அடித்த சுக்கான்

விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் முடிக்க வேண்டியவற்றைக் கொட்டகைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தேன். கருவிப் பலகைக்குப் பின்னால் தொங்கும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவது. தரைக்கு விரிப்பு. சீட் பெல்ட். இறக்கையில் பட்டி பார்த்த இடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. பின் இருக்கைக்கு ரெக்சின். வேலை முடிய முடிய அழித்துக்கொண்டே வந்தேன். பின் இருக்கை மட்டும் வெகுநாள் அழியாமல் நின்றது.

விமானம் இரண்டு பேருக்கானது. ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். இனயம் கடற்கரையில், அப்பா மீன்பிடிக்கும் பைபர் வள்ளங்கள் செய்துவந்த அதே கொட்டகையில், நானும் அவரும் சேர்ந்து கட்டத் தொடங்கினோம். நான் விமானப் பொறியியல் படித்தவள். வரைபடமும் கணக்கும் என் பொறுப்பு. நுரைப்பலகையை இறக்கை வடிவத்துக்கு அறுத்து, மேலே கண்ணாடி நார்த் துணி விரித்து ரெசின் தேய்ப்பது அவர் பொறுப்பு. வள்ளத்துக்குச் செய்த பழக்கத்தில் துணியை ஓர் அடுக்கு கூடுதலாக வைத்துவிடுவார். எடை ஏறிவிடும் என்று நான் உரித்தெடுக்கச் சொல்வேன்.

“கடலுக்குப் போனா கனம் வேணும், ஆகாசத்துக்குப் போனா கனம் கூடாது. ரெண்டையும் இந்த ஒரே கையாலயா மக்களே செய்யணும்?” என்று என்னிடம் கேட்பார்.

உடற்பகுதியை மூடுவதற்கு முன் அவரை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தேன். தோள் இரண்டு பக்கமும் இடித்தது. மறுபடி கணக்குப் போட்டு, பின் இருக்கைப் பக்கத்தை வரைபடத்தில் இருப்பதைவிட அகலமாக்கினோம். அதற்குப் பிறகு அவர் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போயிருந்த நேரத்தில் புயல் வந்தது. வள்ளமும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

புயலில் போனவர்களுக்காகப் பங்குக் கோயிலில் சாமியார் பூசை வைத்தபோது அம்மா அப்பாவின் பெயரைக் கொடுக்கவில்லை. எங்கள் கரையில் கணவன் இறந்துவிட்டால் அம்மா வயதுப் பெண்கள் வெள்ளைச் சேலைக்கு மாறிவிடுவார்கள். அம்மா மாறவில்லை. பச்சையும் அரக்குமாக உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தாள். ஊரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவுக்கு இந்தக் குழம்பு பிடிக்கும், அப்பா இதை இப்படி வைக்கமாட்டார் என்றுதான் வீட்டில் இருவரும் பேசிக்கொண்டோம்.

பின் இருக்கையைக் குளச்சலில் கார் சீட் தைப்பவரிடம் கொடுத்தேன். இது முன் இருக்கையைவிட அகலமாக இருக்கிறதே, அளவு தப்பிவிட்டதா, குறைத்துத் தரட்டுமா என்று கேட்டார். அளவு சரிதான் என்றேன். கொண்டுவந்து பொருத்தி, சுவரில் கடைசி வரியையும் அழித்தேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்தபோது, விமானத்தின் வாலிலிருந்து கழற்றித் தொங்கவிட்டிருந்த சுக்கான் நீலமாக இருந்தது. எங்கள் வள்ளங்களின் நீலம். பெயின்ட் வேலைக்கு வந்திருந்த மாமா, அப்பாவோடு சேர்ந்து வள்ளம் செய்தவர். பிரைமரில் நீலப் பொடி கலந்து அடித்திருந்தார். அம்மாதான் சொன்னாளாம்.

“உனக்க அப்பன் செஞ்ச வள்ளத்துக்கு வேற கலர் உண்டா மக்களே? நீயும் அதத்தான் சொல்லுவன்னு நெனச்சேன்” என்றார்.

வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று அவருக்குக் காரணத்தோடு விளக்கினேன். அவர் உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தார். நான் நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா தேயிலைத் தண்ணி கொண்டுவந்தாள்.

“என்னட்டி செய்யுத?”

அவளிடமும் சொன்னேன். நீலம் வெயிலை இழுக்கும். வெயிலில் நிறுத்தியிருந்தாலே சூடேறி ரெசின் இளகிவிடும். இறக்கையின் விறைப்பு போய்விடும். வெள்ளை அடித்தால் சூடு ஏறாது. வகுப்பில் பாடம் நடத்துவது போல நிதானமாகச் சொன்னேன். சுக்கானுக்கு மட்டுமாவது நீலம் இருக்கட்டும் என்றாள். அதுவும் அதே ரெசின்தான் என்றேன்.

“வெள்ளை வேண்டாம். அவிய வந்து கேட்டா நீ என்ன சொல்லுவ?”

மாமா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“அப்பா வரமாட்டாவ அம்மா.”

ரெசினைப் பற்றி இன்னொரு முறை சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்பா வரமாட்டார் என்று சொன்னதில்லை. அம்மா அழவில்லை. தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்து, தேய்க்கும்போது ஆடாமலிருக்கச் சுக்கானின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நான் தேய்த்தேன். நீலத் தூள் அவள் சேலையில் விழுந்தது. தட்டிவிடாமல் நின்றாள். நீலம் எல்லாம் போனபிறகு, குலசேகரத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போவதாகவும், வெள்ளை அடித்து முடித்ததும் சொல்லும்படியும் சொன்னாள்.

கடல் மணல் பறந்துவந்து ஒட்டாமலிருக்க வாசலில் தார்ப்பாய் கட்டினோம். தரையை நனைத்தோம். மாமா ஸ்பிரே கன்னைப் பிடித்தார். நான் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விட்டுப்போன இடங்களைக் காட்டினேன். மூக்கு, இறக்கை, வால், கடைசியாகச் சுக்கான். எங்கேயும் வழியவில்லை. நல்ல வேலை. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ ரப்பர் ஷீட் விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“பூசைக்கு அவியளுக்க பேர நானே போய்க் குடுக்குதேன். நீ சாமியார்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்.”

சரி என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

அவள் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. திட்டுவாள், சண்டை போடுவாள் என்றே காத்திருந்தேன். வெள்ளை வேண்டாம் என்று அவள் இன்னும் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால், அந்த வெள்ளைமேலேயே நீலம் அடிக்கச் சொல்லியிருப்பேன். ரெசின் இளகினால் இளகட்டும் என்று விட்டிருப்பேன்.