வீடியோவுக்கு ஒரு தனிப் பொத்தான்

எங்கள் சமையலறைக்கும் வீரமுத்து அண்ணன் வீட்டு ஹாலுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். எங்கள் ஊர் பாச்சாங்கில் அந்தக் காலத்து வரிசை வீடுகள் அப்படித்தான். அவர் அங்கே தும்மினால் நான் இங்கே 'நூறு வயசு' என்பேன்.

தொண்ணூற்றெட்டில் அந்தச் சுவர் வழியாக அடிக்கடி ஒரு குரல் வரும். "பவானி, கொஞ்சம் வந்துட்டுப் போம்மா." டிவியை மாற்றிவிடக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். அவருக்குக் கண் தெரியாது. மகன் விமலனுக்கு ஆயர் குரோ பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை; பகலில் வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பவள். பாதித் தையலில் எழுந்து போவேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன், ஆனால் போகாமல் இருந்ததில்லை.

அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர் அவர். யாரிடமும் வழி கேட்க மாட்டார். ஒரு முறை மூவாரில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரையும் வேனில் அழைத்துப் போனார். நாங்களும் போயிருந்தோம். வழி தப்பிவிட்டது என்று வேனில் இருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவர் மனைவி அன்னம்மா அக்கா, "இறங்கி ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா போயிரும்?" என்று கத்திக்கொண்டே வந்தார். அண்ணன் கேட்கவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து எங்கள் பசியையும் மறக்கடித்துவிட்டார்.

அந்த அக்கா ஒரு நாள் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் இனிப்பு நீர் வியாதி அண்ணனின் கண்ணைக் கெடுத்தது. சுவரில் அக்கா படம் பெரிதாக மாட்டியிருந்தும் அவருக்கு அதனால் உபயோகமில்லை. மிச்சம் இருந்தது ஒரு வீடியோ கேசட்தான். மகள் புனிதாவின் கல்யாணக் கேசட். அதில் ஓர் இடத்தில் அக்காவின் குரல் இருந்தது.

ஒரே ஓர் இடத்தில்தான். வீடியோ எடுத்த மகராசன் மற்ற இடங்களில் எல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். அப்போது எல்லாக் கல்யாண வீடியோவும் அந்த லட்சணம்தான். மாப்பிள்ளை காரில் இறங்கினால் பாட்டு, பெண் தலை குனிந்தால் பாட்டு, மாமன் மோதிரம் போட்டால் அதற்கும் ஒரு பாட்டு. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் பாட்டுப் போட மறந்துபோனான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அண்ணன் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டுக் காத்திருப்பார்.

டெக்கில் கேசட் போடுவது அவருக்குக் கைப்பழக்கம். தடவிப் பார்த்தே ஓடவிடுவார். வில்லங்கம் டிவியில்தான். ஏரியல், ஆஸ்ட்ரோ டிஷ், வீடியோ என்று அதற்கு மூன்று இடம். ரிமோட்டிலோ ஒரே பொத்தான். ஒவ்வோர் அழுத்துக்கும் அடுத்த இடத்துக்குத் தாவும். இப்போது எங்கே நிற்கிறது என்று திரையைப் பார்த்தால்தான் தெரியும். விமலன் இரவில் எங்கே விட்டானோ, இடி இடித்ததென்று நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியதில் எங்கே போனதோ, அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

காதால் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். மூன்று இடத்திலும் பாட்டுதானே பாடுகிறது! அண்ணனுக்கு ஒரு சினிமாப் பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்து டிவி பக்கம் காதைத் திருப்பி வைத்திருக்கிறார். திரையில் ஆஸ்ட்ரோவின் பாட்டு நிகழ்ச்சி. டெக்கில் கேசட் முடிந்து, தானே பின்னால் சுற்றி நின்றிருந்தது.

"அண்ணே, இது வீடியோ இல்லண்ணே. ஆஸ்ட்ரோ."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்றாகிவிட்டது. டெக்கை ஒரு தரம் நிறுத்திப் பார்த்தால் பாட்டு நிற்கிறதா என்று தெரிந்துவிடுமே என்றேன். வந்ததே கோபம்.

"என் வீட்டுக்குள்ள போறதுக்கு நானே கதவத் தட்டணுமா? இல்ல, தினமும் ஒன்னயக் கூப்புட்டு, என் பொண்டாட்டி கொரலக் கேக்கணும், போட்டு உடும்மான்னு சொல்லணுமா? நானா போட்டுக் கேக்கணும் பவானி. யாரும் வரக்கூடாது."

அந்த வாரமே டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த மஜீது பாயை டாக்சியில் போய்ப் பார்த்தார். லாரி காலத்துக் கூட்டாளி. பாய் நேரில் வந்து டிவியைப் பார்த்துவிட்டு, எல்லா டிவிக்கும் பொருந்தும் ஒரு ரிமோட்டைக் கையில் கொடுத்தார்.

"முத்து, டிவிக்குள்ள நெறைய வேல இருக்கும்லா. கம்பெனி ரிமோட்ல எல்லாத்துக்கும் பட்டன் வெக்க மாட்டான். நான் ஹோட்டலுக்கு டிவி மாட்டப் போனப்ப பாத்தேன், நேரா வீடியோவுக்குப் போறதுக்குன்னே தனி நம்பர் சிலதுல இருக்கு. ஒன் டிவியில இருக்கா, என்ன நம்பர், அது எனக்குத் தெரியாது. போட்டுப் போட்டுத்தான் பாக்கணும். கெடச்சா, புடிச்ச பட்டன்ல ஏத்தி வெச்சிக்கலாம்."

வழி கேட்காத மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாளே தொடங்கிவிட்டார். ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிவப்பு விளக்கு மின்னியதும் மூன்று எண் போட வேண்டும். விளக்கு மின்னும் வரை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று முதல் நாள் என்னைக் கேட்டுப் பழகிக்கொண்டார். அப்புறம் நான் தேவைப்படவில்லை. எண் வரிசையாகப் போனது.

அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூத்து. ஓர் எண்ணுக்குச் சத்தம் அலறும், அடுத்ததற்கு ஊமையாகும், இன்னொன்றுக்கு டிவியே அணைந்து போகும். இதெல்லாம் காதுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு மட்டும் தெரிகிற கூத்துகள் அவருக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்து வந்த விமலன் டிவியைப் போட்டான். படத்தில் கலர் இல்லை. திரையில் வந்த எழுத்தெல்லாம் சீனம்.

"அப்பா! டிவிய என்னா செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"நல்லாத்தானே பாடுது," என்றார் அண்ணன். நான் இந்தப் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

விமலன் நல்ல பையன்தான், பொறுமைதான் குறைவு. படத்தையும் எழுத்தையும் சரிபண்ணிவிட்டு, இந்த டிவி, டெக் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் புது டிவியும் விசிடியும் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டான். புது ரிமோட்டின் பேட்டரிகளையும் கழற்றிக்கொண்டு போனான். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைத் தடவிக் கழற்றி அதிலிருந்த பேட்டரியை எடுத்தார். ஒன்று பற்றவில்லை. டைம்பீஸையும் நிறுத்தினார். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"மணி பாக்கவா போறேன்?" என்றார்.

ஒரு வியாழக்கிழமை, சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோய் மேசையில் மூடி வைத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருந்தது. சாப்பிடச் சொன்னால், "இரு இரு, என்னமோ மாறுச்சு, என்னான்னு பாரு," என்றார். பார்த்தேன். திரை மூலையில் வீடியோ என்று இருந்தது.

"ஏரியலுக்கு மாத்து. இப்ப அதே நம்பரு போடுறேன்." போட்டார். வீடியோ.

"ஆஸ்ட்ரோவுக்கு மாத்து." மறுபடி போட்டார். வீடியோ.

அப்புறம் கொஞ்சம் நிதானித்து, ஒன்றையும் மாற்றாமல் அதே எண்ணை மீண்டும் போட்டார். போட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நவுந்துருச்சா?"

"இல்லண்ணே. அங்கயேதான் நிக்குது."

அண்ணன், பாய் சொல்லிக்கொடுத்தபடி அந்த எண்ணை ஓரத்துப் பொத்தானில் ஏற்றினார். விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு கேசட்டைப் போட்டு, பொட்டை அழுத்தினார். மாப்பிள்ளை காரில் இறங்கினார், பாட்டு ஆரம்பித்தது.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் அக்காவைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"பவானி," என்றார். "தப்பா நெனைக்காத. நீ வீட்டுக்குப் போம்மா."

சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை நாள் ஓடி ஓடி வந்தவள் நான். ஆனால் என் வீட்டு வாசல் ஏறுவதற்குள் அந்தக் கோபம் போய்விட்டது. தையல் மிஷின் சத்தத்தில் அந்தக் கேசட் எனக்கு ஒழுங்காகக் கேட்டதே இல்லை; அன்று மிஷினில் உட்காரவில்லை. சமையலறையில் சும்மா நின்றேன்.

பாட்டு, பாட்டு, இன்னொரு பாட்டு. பிறகு சட்டென்று நின்று, பாத்திரச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. அதற்கு நடுவே, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அக்காவின் குரல். அதே அதட்டல்.

"ஏன் தம்பி, சோறு திங்கிறவங்க வாயவா படம் புடிப்ப? போய் மேடையப் புடிலா. ஏங்க... ஏங்க! ஒங்களத்தான். பொழுது என்னா ஆவுது, இன்னும் ஒரு வாய் சாப்புடலையா?"

"சாப்ட்டேன் அன்னம்," என்றார் அண்ணன்.

பச்சைப் பொய். டெக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு மேசைப் பக்கம் நாற்காலி இழுபட்டது, நான் மூடி வைத்த தட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.