இடக்கண்ணைக் கட்டிய கைக்குட்டை

1978, ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். அதற்கு முந்தைய வருஷம், பள்ளிபாளையத்தில் எங்கள் விசைத்தறியிலிருந்து தெறித்த நாடா, ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கூர்முனைக் கட்டை, என் மனைவி சரசுவின் இடக்கண்ணைப் பறித்திருந்தது. மற்றக் கண்ணாவது தப்பட்டும் என்று, நாடா ஓடும் பாதைக்குக் கம்பிவலை மூடி செய்திருந்தேன். புதுக் கருவிகளுக்கு யோசனை சொல்லும் இன்ஜினியர் சேலத்திலிருந்து அதைப் பார்க்க வந்தார்.

தறி ஓடும்போதே சரசு மூடியைத் தூக்கிக் குனிந்தாள்.

“ஏம்மா தூக்குறீங்க?”

“இழை அறுந்தா வலைக்குள்ள தெரியலீங்க சார்.”

“அவ சும்மா சொல்றா சார்,” என்றேன்.

அவர் கைக்குட்டையால் என் இடக்கண்ணைக் கட்டி, அவள் இடத்தில் நிறுத்தினார். ஒற்றைக் கண்ணுக்கு எது முன்னே, எது பின்னே என்று தெரியாமல் வலையும் இழையும் ஒன்றாகக் கலங்கின. நானும் மூடியைத் தூக்கிக் குனிந்தேன். நாடா முகத்தருகே பாய்ந்தது.

“பயந்துட்டீங்களா?” என்றாள் சரசு.

“ஆமா.”

வலையை எடுத்துவிட்டு, அவர் சொன்னபடி இடைவெளி விட்டு இரண்டு கம்பிகள் வைத்தோம். நடுவில் இழை தெரிந்ததால் சரசு அவற்றைத் தூக்கவே இல்லை. ஒரு வருஷமாக அவள் பக்கத்தில் இருந்தும், அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று நான் கேட்டதில்லை.