கயிற்றுச் சுவர்

போர்ட் பிளேரில் வரப்போகும் அடுக்குமாடிக் கோபுரங்களையும் அவற்றின் நடுவே அமையும் சதுக்கத்தையும் அட்டையில் செய்து கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வைத்திருந்தார்கள். யாரும் தொடாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டிய தேங்காய்நார்க் கயிற்றிலிருந்து மழையில் நனைந்த வாடை வந்ததும் நான் எழுபதுகளில் நடு அந்தமானில் இருந்த ரங்கத் பஜாருக்குப் போய்விட்டேன்.

பஜார் நடுவில் ஒரு வெற்றுத் திடல், அவ்வளவுதான். ஆனால் வங்காளிகளின் கீரைக்கட்டும், எங்கள் தமிழ் ஆட்களின் மீன்கூடையும், தார்ப்பாயில் கொட்டும் மழைச் சத்தமும், ஆளுக்கொரு விதமான இந்தியில் நாள் முழுக்க நடந்த பேரமும் அங்கேதான். அதில் மாடிக் கடைகள் கட்ட இன்ஜினியர் முளையடித்துக் கயிறு கட்டியபோது பாதிப் பேர் வேண்டுமென்றும் பாதிப் பேர் வேண்டாமென்றும் கத்தினார்கள். மீன் விற்கும் ஆரோக்கியமேரி அக்கா மட்டும் கத்தவில்லை.

"நக்ஷா அச்சா ஹை, சாப்," என்று இன்ஜினியரின் வரைபடத்தைப் பாராட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கயித்தோரமா நில்லுங்க. இப்ப நாமதான் செவுரு. பஸ் வரட்டும்."

செதில் ஒட்டிய அவள் சேலையைப் பிடித்தபடி பத்து வயதில் நானும் சுவரானேன். தினமும் அந்தத் திடலில் திரும்பும் மதிய பஸ் இப்போது திரும்ப இடமின்றி முன்னும் பின்னும் நகர்ந்து, புகை கக்கி, அக்காவின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. அவள் அசையவில்லை. இன்ஜினியர் குனிந்து தன் கையாலேயே முளைகளைப் பிடுங்கினார்.

"அம்மா, உங்க கருத்து?" என்று காகிதத்தை நீட்டினான் கூட்டத்தை நடத்திய பையன்.

"இந்தக் கயிறு இன்னும் எவ்வளவு இருக்கு தம்பி? கோபுரம் வரப்போற எடத்துல கட்டி, ஆளுங்கள நிக்க வச்சுப் பாக்கணும்," என்றேன்.