ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு கதவு

என் அக்காவின் கணவரை எங்கள் தொழிலில் 'நிதானம்' என்று சொன்னால்தான் தெரியும். லிஃப்ட் பழுதுபார்ப்பதில் இருபத்திரண்டு வருட அனுபவம். ஒரு திருகாணியை முடுக்குவார், கையால் தொட்டுப் பார்ப்பார், இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார், பிறகு மறுபடி கிட்டே போய்த் தொட்டுப் பார்ப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினோரு வருடமாக அவர் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்ததில் என் பல் பாதி தேய்ந்திருக்கும்.

எங்கள் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். இன்னொருவர் ஏதாவது ஒரு மாடியில் லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து, பெட்டியின் கூரைமேல் இறங்கி வேலை பார்க்க வேண்டும். மேலே அவர், கூரைமேல் நான். நடுவில் ஒரு வாக்கி-டாக்கி. இறங்குவதற்கு முன் நான் "நிறுத்தியாச்சா?" என்று கேட்பேன். "நிறுத்தியாச்சு, பூட்டியாச்சு, சாவி என் கையில" என்று அவர் சொல்வார். இந்த மூன்றும் வராமல் நான் காலை எடுத்து வைத்ததில்லை. அந்தக் குரல்தான் என் உயிர் என்று அக்காவுக்கும் தெரியும். "உன்னை நம்பி இல்லடா, அவர நம்பித்தான் உன்ன இந்த வேலைக்கு அனுப்புறேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்தபோது வயது முப்பத்தொன்று. அன்றிலிருந்து இன்சுலின் ஊசிதான். உடம்பு அசைய வேண்டும், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதும், மனிதர் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எத்தனை மாடியானாலும் நடைதான். ஐந்து கிலோ கருவிப் பை தோளில். "லிஃப்ட் மெக்கானிக் படி ஏறிப் போறீங்களே, உங்க லிஃப்ட்டு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று வாட்ச்மேன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஏறுவார். ஒரு மாடிக்கு இருபத்திரண்டு படி. பதினொன்று ஏறித் திரும்பினால் இன்னும் பதினொன்று. உதடு அசைய எண்ணிக்கொண்டே போவார்.

அந்தக் கதவைப் பற்றி முதலில் சொன்னது ஒரு மத்தியான வேளையில். வேலை முடிந்து கீழே வந்து, கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இங்க ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல, படி திரும்புற இடத்துல, ஒரு கதவு இருக்கே. அது என்ன ரூம்?"

"அங்க வெறும் சுவரு மச்சான்."

"சாம்பல் கலர் கதவு. நம்பர் இல்ல. லேசாத் திறந்திருந்துச்சு. உள்ள லைட் எரியுது. யாரோ கூப்பிட்டாங்க."

"என்னன்னு?"

"வாங்க, வேலை முடிஞ்சிருச்சுன்னு. தெரிஞ்ச குரலு. யாருன்னுதான் பிடிபடல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரொட்டியைத் தின்ற பிறகு அவரே, "வெயில்ல வந்தது போல" என்று முடித்துக்கொண்டார். வேலை இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறொரு கட்டடம். ஊரின் மறுகோடி, ஒன்பதே மாடி, படிக்கட்டெல்லாம் புதிதாக வெள்ளையடித்தது. இறங்கி வந்தவரின் முகம் காகிதமாக வெளுத்திருந்தது. "அதே கதவு தம்பி" என்றார். அதே இடம், அதே சாம்பல் நிறம். இந்தத் தடவை கைப்பிடியில் கை வைத்துவிட்டாராம். சில்லென்று இருந்ததாம். நான் உடனே போய்ப் பார்த்தேன். படி திரும்பும் இடத்தில் ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவர் இருந்தது. அதில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. அவர் கைதான், கிரீஸ் கறை இருந்தது. 

மூன்றாவது தடவையும் நடந்ததும் அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். சர்க்கரை நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். கதவுக் கதையைக் கேட்டு அவள் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"ஊசி எங்க போடுறீங்க?"

"தொடையில."

"போட்டுட்டு உடனே படி ஏறுறீங்க. கால் வேலை செய்ய ஆரம்பிச்சதும் அந்த மருந்து சீக்கிரமா ரத்தத்துல கலந்துரும். சர்க்கரை மளமளன்னு இறங்கிரும். மூளைக்குத் தீனி இல்லன்னா இல்லாததெல்லாம் காட்டும்."

"வேர்க்கும், நெஞ்சு படபடக்கும்னு சொல்றாங்களே. எனக்கு அதெல்லாம் வரலியே" என்றார் மச்சான்.

"படி ஏறினா யாருக்குத்தான் வேர்க்கல, யாருக்குத்தான் படபடக்கல? வந்திருக்கும், உங்களுக்குப் பிரிச்சுத் தெரிஞ்சிருக்காது. மிச்சம் இருக்கிற ஒரே அடையாளம் அந்தக் கதவுதான். அது தெரிஞ்சா அப்படியே உக்காந்துருங்க. சர்க்கரையை வாயில போடுங்க. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி சோதிச்சுப் பாருங்க."

இன்னும் நிறைய சொன்னாள். படி ஏறுகிற நாளில் ஊசியை வயிற்றில் போட வேண்டும், மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும், ஏறும் முன் விரலில் குத்தி அளவு பார்க்க வேண்டும், நூறுக்குக் குறைவாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட இறங்கலாம். மச்சான் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியாக அவள் சொன்ன ஒன்றை மட்டும் எழுதவில்லை. குத்துவதற்கு முன் கையைக் கழுவுங்கள் என்பது. கை கழுவுவதை யாராவது எழுதி வைப்பார்களா?

அதற்குப் பிறகு எங்கள் கேள்வி பதிலில் ஒன்று கூடியது. முதலில் நான் "எத்தனை?" என்று கேட்பேன். அவர் மீட்டரில் வந்த எண்ணைச் சொல்வார். நூற்று நாற்பது, நூற்று அறுபது. பிறகுதான் மற்றது. நாலு மாதம் கதவு வரவில்லை. அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. நானும் பல்லைக் கடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அன்று காலை பத்து மணி. பதினாலு மாடி ஆபீஸ் கட்டடம், பழைய லிஃப்ட். பெட்டியின் கூரைமேல் எங்களுக்கென்று ஒரு ஸ்டாப் சுவிட்ச் இருக்கும். அது கருகிப் போயிருந்தது. அதை மாற்றத்தான் வந்திருந்தோம். ஆக அன்றைக்கு எனக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்சை விட்டால் வேறு துணை கிடையாது.

கீழே படிக்கட்டின் அடியில் மச்சான் குளுக்கோஸ் பொடி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி மடித்தார். ஆறு பொட்டலம். ஒவ்வொன்றையும் மடித்து, அழுத்தி, திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் வரிசையாக வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். மடித்த கையோடு விரலில் குத்தி மீட்டரைக் காட்டினார். இருநூற்று அறுபத்திரண்டு.

"இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு. அப்ப ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணும் சாப்பிட வேணாம்" என்று பிஸ்கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். நோட்டில் அப்படித்தான் இருந்தது.

அவர் ஏறினார். நான் லிஃப்டை எட்டாவது மாடியில் நிறுத்திவிட்டு, ஒன்பதாவது மாடிக்குப் போய்க் காத்திருந்தேன். கால் மணி நேரம் ஆனது. ஒன்பதாவது மாடி காலியாகக் கிடந்தது, யாரோ விட்டுப்போன நாற்காலி ஒன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். காலடியில் பெட்டியின் கூரை, அதற்கு மேல் இருட்டுக்குள் போகும் கம்பிக்கயிறுகள். கதவு திறந்திருக்கும் வரை லிஃப்ட் நகராது. நான் கூரைமேல் இறங்கிக் கதவை மூடியதும்தான் ஆபத்து.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"இருநூத்தி அறுபத்திரெண்டு."

"நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு. பூட்டியாச்சு. சாவி என் கையில."

குரலில் ஒரு குறையும் இல்லை. எப்போதும்போல நிதானம். ஒரு காலைக் கூரைமேல் வைத்தேன். ஆனால் மற்ற கால் தரையை விட்டு எழவில்லை. என்னவோ இடித்தது. என்னவென்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. பிறகு புரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மெஷின் ரூமில் பெரிய காற்றாடி ஒன்று ஓயாமல் ஓடும். பதினோரு வருடமாக அவர் குரலுக்குப் பின்னால் அந்த இரைச்சலைக் கேட்டிருக்கிறேன். இப்போது அவர் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"மெஷின் ரூம்ல."

"காத்தாடி ஓடலையே?"

மிக மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல, "ஓடுது... நல்லா ஓடுது..." என்றார்.

காலை இழுத்துக்கொண்டு கதவை மூடினேன். மூடிப் பத்து எண்ணியிருக்க மாட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் கம்பிக்கயிறு முனகியது. யாரோ எங்கோ பொத்தானை அழுத்த, பெட்டி சரசரவென்று மேலே போனது. நான் நின்றிருக்க வேண்டிய கூரை என்னைத் தாண்டிப் போகும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன்.

எங்கே ஓடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏழாவது மாடி தாண்டிப் பதினோரு படி இறங்கியதும் அவர் இருந்தார். படி திரும்பும் இடத்தில் தரையில் உட்கார்ந்து, வலது கையைச் சுவரில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தார். சுவிட்சைப் பிடித்திருப்பதுபோல. இடது கையில் வாக்கி-டாக்கி. பூட்டும் சாவியும் மடியில் கிடந்தன. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, பழக்கமில்லாதவரிடம் காட்டும் மரியாதையோடு, "உங்களுக்கு யார் வேணும்?" என்றார்.

பதினோரு வருடம் கூடவே இருந்தவன் நான்.

மீட்டரை எடுத்து அவர் விரலில் குத்தினேன். இருநூற்று முப்பத்தெட்டு! பொட்டலத்தைப் பிரிக்கப் போன கை அப்படியே நின்றது. எண் சர்க்கரை அதிகம் என்கிறது, மனிதர் வெறும் சுவரைச் சுவிட்ச் என்கிறார். எதை நம்புவது? அப்போதுதான் அவர் நகக்கண்ணில், கிரீஸ் கறுப்புக்கு நடுவே, வெள்ளையாக ஒட்டியிருந்த பொடியைப் பார்த்தேன். நர்ஸின் கடைசி வார்த்தை மண்டையில் அடித்ததுபோல ஞாபகம் வந்தது. பாட்டில் தண்ணீரை அவர் விரலில் ஊற்றித் தேய்த்துத் துடைத்து மறுபடி குத்தினேன். நாற்பத்துநான்கு.

இத்தனை நேரம் மீட்டர் அளந்தது அவர் ரத்தத்தை மட்டுமல்ல, விரலில் ஒட்டிய குளுக்கோஸையும் சேர்த்து. எச்சரிக்கையாகப் பொட்டலம் மடித்த அந்த நிதானமே எங்கள் இரண்டு பேருக்கும் குழி வெட்டியிருக்கிறது.

"விழுங்குங்க மச்சான்" என்று பொடியை வாயில் போட்டேன். முதலில் பல்லை இறுக்கினார். பிறகு மெல்ல விழுங்கினார். இரண்டு பொட்டலம். கால் மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். அந்தச் சுவரில் கதவு திறக்குமோ என்று எனக்கே பயமாக இருந்தது. மறுபடி பார்த்தபோது எண்பத்திரண்டு. பிஸ்கட்டைக் கொடுத்தேன். தின்று முடித்தவர் என்னை உற்றுப் பார்த்தார். ஆள் திரும்பி வந்திருந்தார்.

"நீ கூரைமேல இறங்கலியே?"

"இல்ல."

"நான் நிறுத்திட்டேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அதற்கென்ன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதவு தெரிஞ்சுது தம்பி. உக்காந்திருக்கணும். ஆனா நம்பர்தான் ஜாஸ்தியா இருந்துச்சே, இது அது இல்லைன்னு நெனச்சுட்டேன். முழுசாத் திறந்து உள்ள போனேன். மெஷின் ரூம் மாதிரியே இருந்துச்சு. சுவிட்ச அமுக்கினேன்" என்றார்.

"சரி விடுங்க."

"கூப்பிடுற குரல் யாருதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நான் காலிப் பொட்டலக் காகிதங்களைப் பொறுக்கினேன். அவரே சொன்னார்.

"நீ. தரையில படுத்திருந்த. வேலை முடிஞ்சிருச்சு, வாங்கன்னு படுத்துக்கிட்டே கூப்பிட்ட."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னோம், அந்தக் கடைசி வரியைத் தவிர. டாக்டர் இன்சுலின் அளவை மாற்றிக் கொடுத்தார். அவர் இன்னும் படி ஏறுகிறார், ஆனால் தனியாக இல்லை. ஆறாவது மாடியில் இரண்டு பேரும் உட்காருவோம். நான் பாட்டில் தண்ணீரை ஊற்ற, அவர் கையைக் கழுவித் துடைத்துக் குத்திப் பார்ப்பார். மேலே போய்ப் பூட்டுவது நான், சாவி என் பையில். அவர் ஏறும்போது நான் எப்போதும் பின்னால்தான் போகிறேன். முன்னால் போய் "வாங்க மச்சான்" என்று அவரைக் கூப்பிடுவதில்லை.