வாசனை அடிக்கும் ஆம்ப்ளிஃபயர்

“...எரியுற வாசனைன்னா மூஞ்சி சுளிக்கும்லா. இது அப்படி இல்ல தம்பி. சூடானா நல்ல வாசனையா வருது. சாமி வந்து உள்ள உக்காந்த மாதிரி.”

போன சனிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டு ஜெரோமிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார் ராஜன் அண்ணன். கிள்ளான் மேருவில் லோரி ஓட்டுகிறவர். வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் கிட்டார் வாசிப்பார். இருவருக்கும் நடுவில், மேசைமேல் அவருடைய ஆம்ப்ளிஃபயர். உள்ளே கண்ணாடி வால்வுகள் எரியுமே... அந்தக் காலத்துச் சாமான்.

ஜெரோம் ஒரு லிஃப்ட் மெக்கானிக். லீவு நாளில் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பக்கத்து வீட்டில் ஸ்க்ரூ கழலும் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. டீ கிளாஸோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

“ஆம்ப்ளிஃபயர்ல வாசனையே வரக்கூடாது அண்ணே. வந்தா, உள்ள ஏதோ வேகுதுன்னு அர்த்தம்,” என்றார் ஜெரோம். “சரி, சத்தம் என்ன பண்ணுது?”

“தொண்டையில சோறு மாட்டிக்கிட்ட மாதிரி. கரகரன்னு இருமும், அப்புறம் கப்சிப். போன வாரம் பொண்ணு மாப்பிள்ளை உள்ள நடந்து வர நேரத்துல இருமிருச்சு.”

இப்படிப் பேசுகிறவர்களுக்கு நான் அடிமை. ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. கிட்டார் சத்தத்தையும் தானே ஒரு பட்டனில் கொடுத்துவிடுவதாகக் குழுவின் கீபோர்டுக்காரர் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். மறுநாள் கல்யாணத்திலும் இது இருமினால், மேடையில் அண்ணனுக்கு இடமில்லை.

ஜெரோம் ப்ளக்கைப் பிடுங்கி, முதலில் உள்ளே தேங்கியிருந்த கரண்டை வடித்தார். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்கு உள்ளே மிச்சம் இருக்குமாம் — நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். வயரை மாற்றினார். இருமல். வால்வை மாற்றினார். இருமல்.

பிறகு அவர் எடுத்தது மீ, அதாவது நூடுல்ஸ், கடையில் கொடுக்கும் மரக் குச்சி. ஆமாம், நாம் மீ சாப்பிடும் அதே குச்சிதான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தட்டினார். எங்கே தட்டினால் கரகரக்கிறதோ, அங்கேதான் கோளாறு. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதில்லையா?

இங்கே இல்லை. அங்கே இல்லை. வால்யூம் குமிழுக்குப் பின்னால் குச்சி பட்டதும்... கர்ர்ர்.

அதற்குள் பெட்டி நன்றாகச் சூடாகியிருந்தது. அந்த வாசனை எனக்கும் வந்தது. தெரிந்த வாசனை. எங்கே முகர்ந்தேன்?

கரண்டை நிறுத்திவிட்டு ஜெரோம் குமிழை இழுத்துக் கழற்றினார். அடியில் காய்ந்துபோன மண் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. “குளவி கூடு கட்டியிருக்கும் போல,” என்று நகத்தால் சுரண்டி நீட்டினார். முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

ஜெரோம் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்குக் குளவி தோன்றியது. எனக்குப் பூஜையறை தோன்றியது. “அண்ணே, இந்த இருமல் எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டேன்.

“ஆயுத பூஜைக்கு அப்புறம் அக்கா. அதான் எனக்கே புரியல. நல்லாத் துடைச்சு, வால்யூம் நாப்பு, மத்த நாப்பு, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வச்சுக் கும்பிட்டேனே. லோரிக்கு வச்ச அதே சந்தனம்தான். பன்னீர் ஊத்தி...” குரல் இறங்கியது. “கொஞ்சம் தண்ணியாத்தான் குழைச்சிட்டேன்.”

“லோரிக்கு ஒண்ணும் ஆகலையா?” என்றார் ஜெரோம்.

“லோரிக்கு நெத்தியில வச்சேன்.”

“இதுக்கு வாய்க்குள்ள ஊத்தியிருக்கீங்க.”

அண்ணனைப் பார்த்து நான் சிரிக்க முடியுமா? என் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் பொட்டு இருக்கிறது. வாஷிங் மெஷினில் இருக்கிறது. பாசமாகத்தான் வைக்கிறோம். அது வழிந்து எங்கே போகும் என்று யார் யோசிக்கிறோம்?

ஜெரோம் துப்புரவு ஸ்ப்ரே அடித்தார். குமிழின் தண்டை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருகிக்கொண்டே இருந்தார். மறுபடி ஸ்ப்ரே. கரைந்து வந்ததைத் துணியில் ஒற்றி எடுத்தார். “இப்ப வாசிங்க அண்ணே.”

அண்ணன் கிட்டாரை மாட்டினார். மெதுவாக ஒரு தந்தி. அப்புறம் இன்னொன்று. வால்யூமைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது வாசிக்கும் அந்த மெட்டை முழுசாக வாசித்து முடித்தார். டீ கிளாஸ் அதிர்ந்தது. இருமல் இல்லை.

கிட்டாரை இறக்கி வைத்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

ஜெரோம் பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்துக் குமிழ்களை மூடிக்கொண்டார். “அண்ணே, வேணாம்லா.”

“கைய எடுக்காத. அப்படியே இரு,” என்று சொல்லி, ராஜன் அண்ணன் ஜெரோமின் நெற்றியில் பூசிவிட்டார்.